பிரமிடைக் கட்டியது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, கீசாவிலுள்ள பெரிய பிரமிடைக் கட்டியவர்கள் எகிப்தியத் தொழிலாளர்களே என்றும், சறுக்குக்கட்டையும் சாய்தளமும் படகும் கொண்டே அவர்கள் அதைச் செய்து முடித்தார்கள் என்றும் சுருக்கமாக எழுதியிருந்தோம். அந்தச் சுருக்கம் பலருக்கு நிறைவளிக்கவில்லை என்பது வந்து குவிந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த விவாதத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பதில்களுக்குள் போவதற்கு முன்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கடிதங்களில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரமிடை யார், எந்தக் காலத்தில், எங்கிருந்து கல்லெடுத்துக் கட்டினார்கள் என்பது ஒன்று. அந்தக் கற்களை எந்த வழியாக உச்சிவரை ஏற்றினார்கள் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை உறுதியாகக் கிடைத்துவிட்டது. அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இரண்டாவதில்தான். இரண்டாவதில் நடக்கும் சண்டையைச் சாட்சிக்கு அழைத்து முதலாவதையும் மறுப்பதுதான் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றின் போக்கு.

கேள்வி: 23 லட்சம் கற்கள், 20 ஆண்டுகள் என்கிறீர்கள். வகுத்துப் பார்த்தால் பகல் முழுவதும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல் வைத்தாக வேண்டும். இது மனிதர்களால் ஆகிற காரியமா? (திண்டுக்கல் வாசகர்)

உங்கள் கணக்கில் பிழையில்லை. 23 லட்சம் கற்களை 20 ஆண்டுகளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 315 கற்கள் வருகின்றன. பத்து மணி நேர வேலைநாள் என்று கொண்டால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல்தான். ஆனால் இந்த இரண்டு நிமிடம் என்பது ஒரே கல்லை ஒரே குழு இழுத்து வைப்பதற்கான நேரம் அன்று. பல குழுக்கள் ஒரே சமயத்தில் வேலை செய்யும்போது, கற்கள் எவ்வளவு நேரத்துக்கு ஒன்றாக வந்து சேர்கின்றன என்பதுதான் அது.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். சராசரிக் கல்லின் எடை சுமார் 2.5 டன். அதைச் சறுக்குக்கட்டையில் வைத்து இழுக்க 25 பேர் கொண்ட ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழு நாள் முழுவதும் உழைத்து மூன்றே மூன்று கற்களைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று மிகவும் மெத்தனமாகவே கணக்கிட்டாலும் 105 குழுக்கள், அதாவது 2,625 ஆட்கள் இழுவைக்குப் போதும். வெட்டுபவர்கள், பதிப்பவர்கள், சாய்தளத்தைச் செப்பனிடுபவர்கள், கருவிகளைத் தீட்டுபவர்கள், சமைப்பவர்கள் எல்லோரையும் சேர்த்தால் இந்த எண்ணிக்கை பல மடங்காகும். கீசாவில் பல்லாண்டுகள் அகழாய்வு செய்துவரும் மார்க் லெஹ்னர் போன்றவர்கள் மொத்தத்தில் 20,000 முதல் 25,000 பேர் என்று மதிப்பிடுவது இப்படித்தான். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்ன ஒரு லட்சம் பேர் தேவைப்படவே இல்லை. அவர் எழுதியது பிரமிடு எழும்பி இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு என்பதையும் மறக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. எல்லாக் கற்களும் இழைத்து மட்டம் பார்த்து வைக்கப்பட்டவை என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படி இழைக்கப்பட்டவை வெளிப்புறத்தை மூடிய வெள்ளைச் சுண்ணாம்புக்கற்களும், உள்ளே அறைகளையும் நடைகளையும் சூழ்ந்த கற்களும்தான். அவற்றுக்கு இடைப்பட்ட நிறைகற்கள் கரடுமுரடானவை. இடுக்குகளில் சல்லியும் ஜிப்சம் சாந்தும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். நடுவில் இயற்கையாகவே இருந்த பாறை மேட்டை வெட்டி அகற்றாமல் அப்படியே விட்டு, அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்பதால் அவ்வளவு கல்லும் மிச்சம்.

கேள்வி: நான் கட்டுமானப் பொறியாளன். 146 மீட்டர் உயரத்துக்குச் சாய்தளம் போட வேண்டுமானால், அந்தச் சாய்தளமே பிரமிடைவிடப் பெரிய கட்டுமானம் ஆகிவிடுமே. இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

வந்த கேள்விகளிலேயே கனமானது உங்களுடையதுதான். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் உச்சிவரை நேராக ஒரு சாய்தளம் போட்டால் அதன் நீளம் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகும். அதற்கான மண்ணும் கல்லும் பிரமிடுக்கு ஆனதோடு போட்டி போடும் என்பதும் உண்மை. உச்சிவரை ஒரே நேர்ச் சாய்தளம் என்ற கருத்தை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கைவிட்டுவிட்டதற்குக் காரணம் இதுவே.

ஆனால் பிரமிடு என்பது மேலே போகப் போகச் சிறுக்கும் வடிவம் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் பிரச்சினையின் முகமே மாறிவிடுகிறது. கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குள்ளேயே, அதாவது முதல் 49 மீட்டருக்குள், மொத்தக் கன அளவில் 70 விழுக்காடு அடங்கிவிடுகிறது. பாதி உயரத்தை எட்டும்போது 87.5 விழுக்காடு வேலை முடிந்துவிடும். 49 மீட்டர் உயரத்துக்குப் பத்துக்கு ஒன்று சரிவில் சாய்தளம் போட ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் போதும். நிறைகற்களை வெட்டியெடுத்த குவாரி பிரமிடுக்குத் தெற்கே சில நூறு மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆக, குவாரியிலிருந்து கல் வரும் பாதையையே படிப்படியாக உயர்த்திக்கொண்டு போனால் பெரும்பகுதி வேலைக்கு அதுவே சாய்தளமாகிவிடுகிறது. அந்தக் குவாரிப் பள்ளத்தை அகழ்ந்தபோது சுண்ணாம்புக்கல் சிதறல்களும் ஜிப்சமும் ஒருவகைக் களிமண்ணும் கலந்த குப்பை பெருமளவில் அதை நிரப்பியிருந்தது. சாய்தளத்தை உடைத்துத் தள்ளிய குப்பை அது என்பது லெஹ்னரின் கருத்து. ‘அவ்வளவு பெரிய சாய்தளம் எங்கே போயிற்று’ என்று கேட்பவர்களுக்கு, கல்லெடுத்த பள்ளத்துக்கே திரும்பிப் போயிற்று என்பதுதான் விடையாக இருக்க வேண்டும்.

‘அப்படியானால் ராஜாவின் அறைக்கு மேலே கிடக்கும் பிரம்மாண்டமான கருங்கல் உத்திரங்கள்?’ என்று கேட்பீர்கள். அஸ்வானிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நைல் நதியில் மிதந்து வந்த அந்த உத்திரங்களில் மிகச் சிறியதே 25 டன் இருக்கும். சிலவற்றை 50 டன்னுக்கும் மேல் மதிப்பிடுகிறார்கள். ஆனால் அந்த அறையின் தரைமட்டம் 43 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உத்திரங்கள் அனைத்தும் பிரமிடின் கீழ்ப்பாதிக்குள் அடங்கிவிடுகின்றன. அகலமான, உறுதியான சாய்தளம் கைவசம் இருந்த கட்டத்தில்தான் அவற்றை ஏற்றியிருக்கிறார்கள்.

எஞ்சிய மேற்பகுதியில்தான் உண்மையான வாதம் இருக்கிறது. பிரமிடைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம் என்பது ஒரு கட்சி. அதை ஏற்காதவர்கள், வெளிச்சுவரை முழுவதும் சாய்தளம் மறைத்துவிட்டால் மூலைவிட்டங்கள் நேராக வருகின்றனவா என்று பார்த்துப் பார்த்துக் கட்டுவது எப்படி என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். நெம்புகோலால் கல்லை ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு எழுப்பி, கீழே கட்டை சொருகிச் சொருகி ஏற்றினார்கள் என்பது இன்னொரு கட்சி. குட்டையான மரங்களால் ஆன பொறிகளைக் கொண்டு படிதோறும் கற்களை உயர்த்தினார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பதை இவர்கள் துணைக்கு அழைக்கிறார்கள். பிரமிடின் சுவருக்குள்ளேயே சுரங்கம்போலச் சுற்றி ஏறும் சாய்தளம் இருந்தது என்று பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான்-பியர் ஊடான் வாதிடுகிறார். அவருடைய கணினிப் படங்கள் பார்க்க அழகானவை. ஆயினும் பிரமிடுக்குள் இதுவரை நடந்த எந்த ஊடுருவல் ஆய்வும் அப்படியொரு சுருள்பாதை உண்டென்று உறுதியாகக் காட்டவில்லை. காட்டும்வரை அதைக் கெட்டிக்கார ஊகம் என்ற இடத்தில் வைத்திருப்பதே முறை.

மேற்பகுதிக்குச் செங்குத்தான சாய்தளம் சாத்தியமா என்ற கேள்விக்கு 2018-இல் ஹத்நுப் என்ற பழைய அலபாஸ்டர் குவாரியிலிருந்து ஒரு தடயம் கிடைத்தது. 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சரிவுள்ள ஒரு பாதை. அதன் இருபுறமும் படிக்கட்டுகள். படிக்கட்டுகளை ஒட்டிக் கனமான கம்பங்கள் நட்ட குழிகள். காலம் கூஃபு மன்னனுடையது, அதாவது பெரிய பிரமிடின் சொந்தக்காரனுடையது. கம்பங்களில் வடத்தைச் சுற்றிக்கொண்டால், மேலே நிற்பவர்கள் இழுக்கும்போதே கீழே படியில் நிற்பவர்களும் தங்கள் எடையைக் கொடுத்து இழுக்கலாம். அது குவாரிப் பாதைதான், பிரமிடுச் சாய்தளம் அன்று. ஆனாலும் பத்துக்கு ஒன்றுக்கு மேல் அவர்களால் இழுத்திருக்க முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கு இனி இடமில்லை. சரிவு இரண்டு மடங்கானால் சாய்தளத்தின் நீளம் பாதியாகும் என்பதைப் பொறியாளரான உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மணலில் தண்ணீர் ஊற்றி இழுத்தார்கள் என்று படித்தேன். ஈரமணலில் வண்டி புதைந்து போகாதா? (திருநெல்வேலி வாசகர்)

அதிகமாக ஊற்றினால் புதையும். அளவாக ஊற்றினால் புதையாது. காய்ந்த மணலில் சறுக்குக்கட்டை நகரும்போது அதன் முன்னால் மணல் குவிந்து தடுக்கிறது. மணலின் எடையில் சில விழுக்காடு மட்டும் நீர் இருக்கும்போது மணல்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தரை இறுகுகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2014-இல் இதைச் சோதித்து, சரியான ஈரத்தில் இழுவிசை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று காட்டினார்கள்.

இதற்கு எகிப்தியர்களே வரைந்து வைத்த சாட்சியும் உண்டு. தெய்ர் எல்-பெர்ஷாவில் ஜெஹுதிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறைச் சுவரில், சறுக்குக்கட்டையில் கட்டிய ஒரு பிரம்மாண்டமான சிலையை 172 பேர் நான்கு வரிசையாக இழுப்பதும், சிலையின் பாதத்தருகே நிற்கும் ஒருவர் சறுக்குக்கட்டைக்கு முன்னால் குடத்திலிருந்து நீர் ஊற்றுவதும் தீட்டப்பட்டிருக்கின்றன. அதை ஒரு சடங்கு என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள். அந்த ஓவியம் பெரிய பிரமிடுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சறுக்குக்கட்டையும் வடமும் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தவை. எகிப்தியர்களுக்குச் சக்கரம் தெரியாது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தெரியும், பிரமிடுகள் எழுந்த ‘பழைய அரசு’க் காலத்து ஓவியத்திலேயே சக்கரம் பொருத்திய ஏணி வருகிறது. இரண்டரை டன் கல்லோடு மண்பாதையில் போவதற்கு அந்தக் காலத்து மரச்சக்கரம் உதவியிருக்காது, அவ்வளவுதான்.

கேள்வி: இவ்வளவு பெரிய வேலையைப் பற்றி எகிப்தியர்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லையே? (மதுரை, சேலம் வாசகர்கள்)

2013 வரை இந்தக் கேள்விக்குத் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் டாலே தலைமையிலான குழு, செங்கடற்கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், பாறையில் குடைந்த கிடங்குகளின் வாயிலை அடைத்திருந்த கற்களுக்கிடையே பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஏடுகளின் துண்டுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ் ஏடுகளில் இதுவரை கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழமையானவை. கூஃபுவின் ஆட்சியின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு.

நம் ஊர் வழக்கில் சொன்னால் மெரெர் ஒரு மேஸ்திரி. ஏறத்தாழ நாற்பது பேர் அவருடைய கையின் கீழ் வேலை செய்தார்கள். நைலின் கிழக்குக் கரையில் உள்ள தூரா குவாரியிலிருந்து உயர்ரக வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தச் சில மாதங்களில் அவர்களுக்கு இட்ட வேலை. குறிப்பின் அமைப்பு மிக எளியது. மேலே மாதம்; அதன் கீழே வரிசையாக நாட்கள்; ஒவ்வொரு நாளுக்கும் கீழே சில வரிகள். இன்று தூராவில் கல் ஏற்றினோம், இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் கல்லோடு புறப்பட்டோம், ‘கூஃபுவின் குளம்’ என்ற இடத்தில் இரவு தங்கினோம். அதற்கு மறுநாள் ‘கூஃபுவின் தொடுவானம்’ போய்ச் சேர்ந்தோம். பிறகு வெறும் படகோடு திரும்பினோம். ‘கூஃபுவின் தொடுவானம்’ என்பது பெரிய பிரமிடுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். பத்து நாட்களில் இரண்டு மூன்று நடைகள் போய்வந்திருக்கிறார்கள். கூஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அன்க்ஹாஃப் அங்கே பொறுப்பில் இருந்ததும் குறிக்கப்பட்டிருக்கிறது. கூடக் கிடைத்த கணக்கேடுகளில் தானியம் வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பத்தி பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பாக்கி வைத்த அரசாங்கம் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இருந்திருக்கிறது.

மெரெர் சொல்லாத ஒன்றும் உண்டு. கரையில் இறக்கிய கல் பிரமிடின் மேல் எப்படிப் போயிற்று என்பதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அது அவருடைய வேலையில்லை. ஆகவே இந்த ஏடுகளைக் காட்டிச் சாய்தள வாதம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை முடித்து வைத்தது யார், எப்போது என்ற வாதத்தை.

நைல் இன்று கீசாவிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறதே, படகு எப்படிப் பிரமிடுவரை வந்தது என்று சேலம் வாசகர் தனியாகக் கேட்டிருக்கிறார். அன்று நைலின் ஒரு கிளை பாலைவன விளிம்பை ஒட்டி ஓடியது. கீசாவின் தாழ்நிலத்தில் துளையிட்டு எடுத்த மண்ணில் புதைந்திருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்து, பிரமிடு கட்டிய காலத்தில் அங்கே நீர் நிறைந்திருந்ததை 2022-இல் ஓர் ஆய்வுக் குழு எடுத்துக்காட்டியது. வெள்ளக் காலத்தில் அந்தக் கிளையும் வெட்டிய கால்வாய்களும் நிரம்பும்போது, கல்லேற்றிய படகு பீடபூமியின் அடிவாரத்துக்கே வந்துவிடும்.

கேள்வி: சவுக்கடி வாங்கிய அடிமைகள்தான் கட்டினார்கள் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? (சென்னை வாசகர்)

அவர்களுடைய கல்லறைகளை வைத்து. 1990-இல் கீசாவில் ஒரு குதிரை மண்சுவர் ஒன்றில் கால் இடறியதிலிருந்து தொடங்கி, எகிப்தியத் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸ் தலைமையில் தொழிலாளர்களின் இடுகாடு வெளிப்பட்டது. மேற்பார்வையாளர்களும் கைவினைஞர்களும் தங்கள் பட்டப்பெயர்களோடு, மறுமைக்கு வேண்டிய பானைகளோடு மன்னனின் பிரமிடுக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். எலும்புகளில் முதுகும் முழங்காலும் தேய்ந்த அடையாளம் தெளிவாகத் தெரிகிறது. முறிந்த கை எலும்பைச் சேர்த்துக் கட்டி அது நேராகக் கூடியிருப்பதும் தெரிகிறது. சற்றுத் தெற்கே லெஹ்னர் அகழ்ந்த குடியிருப்பில் நீண்ட கூடங்களும், ரொட்டி சுடும் பெரிய மண் அச்சுகளும், மாடு ஆடுகளின் எலும்புகளும் மலைமலையாகக் கிடைத்தன. ராஜாவின் அறைக்கு மேலுள்ள சிறு அறைகளில் ‘கூஃபுவின் நண்பர்கள்’ என்று ஒரு குழு தன் பெயரைச் சிவப்பு மையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. கீசாவிலேயே உள்ள மென்கௌரே மன்னனின் பிரமிடில் வேலை செய்த ஒரு குழுவின் பெயர் ‘மென்கௌரேயின் குடிகாரர்கள்’.

இதைப் படித்துவிட்டு, எல்லோரும் விரும்பி வந்து சம்பளம் வாங்கிச் சந்தோஷமாகக் கட்டினார்கள் என்ற எதிர்முனைக்குத் தாவுவதும் சரியன்று. அண்மைக் காலத்தில் எகிப்தியச் சுற்றுலாப் பேச்சில் இந்தத் தாவல் அதிகம். நிரந்தரக் கைவினைஞர்கள் சில ஆயிரம் பேர். மற்றவர்கள் ஊர்களிலிருந்து முறைவைத்து அழைத்து வரப்பட்டவர்கள். அரசன் கேட்டால் ஆள் அனுப்பித்தான் ஆக வேண்டும். அது விலைக்கு வாங்கிய அடிமைத்தனம் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. இஸ்ரவேலர்கள் கட்டினார்கள் என்று இரு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். விவிலியத்தின் யாத்திராகமம் அவர்கள் செங்கல் அறுத்துப் பண்டகசாலை நகரங்களைக் கட்டியதாகத்தான் சொல்கிறது. பிரமிடு அங்கே வரவேயில்லை.

கேள்வி: கற்களே அல்ல, அச்சில் வார்த்த கான்கிரீட் என்கிறார்களே? (ஈரோடு வாசகர்)

ஜோசப் தாவிதோவிட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் கருத்து அது. பக்கத்துக் குவாரியில் வெட்டிய இடமும், பாதி வெட்டி விட்ட கல்லும், வெட்டுக்கால்களும் கண்முன்னே கிடக்கும்போது அதை ஏற்பது கடினம். கற்களில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அச்சில் வார்த்தவர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் புது அச்சு செய்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: பிரமிடின் அட்சரேகை 29.9792458. ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். சுற்றளவை உயரத்தால் வகுத்தால் பை (π) என்ற எண்ணின் இரு மடங்கு. இவை தற்செயலா? (தஞ்சாவூர் வாசகர்)

முதலாவது தற்செயல். மீட்டர் என்ற அளவு பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிறந்தது. கூஃபுவின் ஆட்களிடம் இருந்தது முழக்கோல். அட்சரேகையின் ஐந்தாம் தசமத்தானமே தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பிரமிடின் பக்கமோ 230 மீட்டர். ஏழு தசமம்வரை எழுதிவிட்டு, 230 மீட்டருக்குள் எந்த இடத்தில் அந்த எண் வருகிறதோ அதைப் பிரமிடு என்று காட்டுவது வேடிக்கையாக இருக்கிறது.

இரண்டாவது தற்செயலன்று, ஆனால் மர்மமும் அன்று. எகிப்தியர்கள் சரிவைக் கோணத்தில் அளக்கவில்லை. ஒரு முழம் உயர்ந்தால் எத்தனை உள்ளங்கை உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று அளந்தார்கள். அவர்களுடைய முழத்துக்கு ஏழு உள்ளங்கை. பெரிய பிரமிடின் சரிவு, ஏழு உள்ளங்கை உயரத்துக்கு ஐந்தரை உள்ளங்கை உள்ளே. உயரம் 7 என்றால் அடிப்பக்கத்தின் பாதி 5.5, முழுப் பக்கம் 11, சுற்றளவு 44. 44-ஐ 7-ஆல் வகுத்தால் 22/7-இன் இரு மடங்கு வந்து நிற்கும். ஐந்தரை என்ற எளிய எண்ணைத் தேர்ந்ததன் விளைவு அது. இவ்வகைச் சரிவுக் கணக்குகள் பிற்காலத்து ரைண்ட் கணிதப் பாப்பிரஸில் மாணவர்களுக்கான பயிற்சியாகவே வருகின்றன.

கேள்வி: இவ்வளவு நுட்பம் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததா? வேற்றுக்கிரகவாசிகளை ஏன் ஒரேயடியாகத் தள்ளுகிறீர்கள்? (புதுச்சேரி வாசகர்)

திடீரென்று குதிக்கவில்லை என்பதால்தான் தள்ளுகிறோம். சக்காராவில் ஜோசர் மன்னனுக்காக எழுப்பிய படிப் பிரமிடு கூஃபுவுக்குச் சுமார் நூறு ஆண்டு முந்தியது. அதில் கற்கள் சிறியவை. கூஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு காலத்தில் கட்டிய மெய்தூம் பிரமிடின் வெளிப்போர்வை பிற்பாடு சரிந்துபோய், இன்று கோபுரம்போல நடுப்பகுதி மட்டும் நிற்கிறது. தாஷூரில் அவர் அடுத்துத் தொடங்கிய பிரமிடு ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் எழும்பியபோது அடித்தளம் தாங்காமல் விரிசல் கண்டது. பாதியில் சரிவை 43 பாகையாகக் குறைத்துவிட்டார்கள். வளைந்த பிரமிடு என்ற பெயர் அதனால் வந்தது. அதற்கு வடக்கே தொடக்கத்திலிருந்தே 43 பாகையில் கட்டியதுதான் செந்நிறப் பிரமிடு. அதற்குப் பிறகே கீசா. விண்வெளியைக் கடந்து வரத் தெரிந்தவர்கள் மணற்பாங்கான தரையில் கடைக்கால் போட்டு விரிசல் விட வைத்திருப்பார்களா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ராஜாவின் அறைக்கு மேலுள்ள அந்தச் சிவப்பு மை எழுத்துகள் 1837-இல் அவற்றைக் கண்டறிந்த ஆங்கிலேயர் ஹோவர்ட் வைஸ் தாமே எழுதிய போலி என்றும் எழுதியிருக்கிறீர்கள். வைஸ் வெடிமருந்து வைத்து வழி திறந்த மனிதர். அவரிடம் குறை காண எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அந்த எழுத்துகள் சில இடங்களில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான இணைப்புக்குள், தூரிகை நுழைய முடியாத இடத்துக்குள் தொடர்கின்றன. சில தலைகீழாகவும் இருக்கின்றன. குவாரியிலேயே எழுதிய கல்லை அப்படியே பதித்துவிட்டால் மட்டும்தான் இது நேரும். வைஸின் மீது நம்பிக்கை இல்லாதவர்கள் வேறொன்றைப் பார்க்கலாம்: ஜிப்சம் சாந்தில் சிக்கியிருந்த கரித்துண்டுகளைக் கொண்டு 1984-லும் 1995-லும் கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணித்தார்கள். கிடைத்த காலம் வரலாற்றாசிரியர்கள் சொல்வதைவிட ஒன்றிரண்டு நூற்றாண்டுகளும் சில மாதிரிகளில் அதற்கு மேலும் முந்தியது. பழைய மரத்தை எரித்திருந்தால் அந்த வேறுபாடு வருவது இயல்பே. பத்தாயிரம் ஆண்டு என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

கேள்வி: பிரமிடுக்குள் புதிய அறை கண்டுபிடித்தார்களாமே, கட்டிய முறை அதில் தெரியுமா? (கும்பகோணம் வாசகர்)

வானிலிருந்து பொழியும் மியூவான் துகள்கள் கல்லை ஊடுருவும்போது எங்கே குறைவாகத் தடைபடுகின்றன என்று பார்த்து, ஸ்கேன்பிரமிட்ஸ் குழு 2017-இல், பிரமிடுக்குள் சாய்வாக ஏறும் பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள ஒரு வெற்றிடம் இருப்பதை அறிவித்தது. 2023-இல் வடக்கு முகத்தின் மூல வாயிலுக்குப் பின்னால் ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள ஒரு நடையைச் சிறு கேமராவை உள்ளே நுழைத்துப் படமெடுத்தார்கள். மேற்கூரை இருபுறக் கற்களும் சாய்ந்து கூடியதாக இருந்தது; சுவர்கள் மெருகிடப்படாதவை. வாயிலின் மேல் இறங்கும் எடையைப் பிரித்து அனுப்புவதற்காக விட்ட இடைவெளி என்பதே எங்களுக்கும் பொருத்தமாகப் படுகிறது. பெரிய வெற்றிடம் கிடைமட்டமா, சாய்ந்ததா என்பதே இன்னும் தீரவில்லை. ஆகவே அதைச் சாய்தளம் என்று ஒரு கட்சியும் புதையலறை என்று செய்தித் தொலைக்காட்சிகளும் உரிமை கொண்டாடுவதற்கு இப்போதைக்கு ஆதாரமில்லை.